மேடை விளக்குக் கொன்சோலில் டிம்மிங்: முகவரியிடுவது முதல் கடைசிக் கியூ வரை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பாடசாலை நாடகங்களுக்கும் தோட்டத்துக் கலைநிகழ்ச்சிகளுக்கும் விளக்குப் பொறுப்பை ஏற்கும் இளைஞர்கள் பலர் ஒரே மாதிரித் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பலகையான கொன்சோல் கைக்கு வந்தவுடன் அதன் நழுவுகோலான ஃபேடரை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார்கள்; ஒளி கூடுகிறது, குறைகிறது; வேலை பிடிபட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். நாடகத்தன்று பொத்தானை அழுத்தும்போது மேடை வெட்டென்று இருண்டுவிடுகிறது, அல்லது ஒரு விளக்கு மட்டும் தன் போக்கில் மினுக்குகிறது. ஒளியின் அளவை வைப்பது எளிது. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எத்தனை நொடியில் போவது என்பதைப் பதிவதுதான் டிம்மிங். அந்தப் பதிவு சரியாக வருவது அதற்கு முன்னால் செய்யப்படும் வேலையின் வரிசையைப் பொறுத்தது. அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. கொன்சோலைத் தொடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது ஒரு தாள். நாடகப் பிரதியை வாசித்து, ஒளி மாறவேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எண், மாற்றத்தைத் தொடங்கும் வசனம் அல்லது அசைவு, மேடையில் எது மாறவேண்டும், எத்தனை நொடியில் மாறவேண்டும். இப்படி எண்ணிட்ட ஒவ்வொரு மாற்றமும் ஒரு கியூ; இதுவே கியூத் தாள். இது இல்லாமல் கொன்சோலின் முன் உட்கார்ந்தால், இயக்குநர் அருகில் நின்று சொல்லச் சொல்லப் பதிவுசெய்ய நேரும். பதினைந்தாவது மாற்றத்துக்கு வரும்போது மூன்றாவது என்னவென்று இருவருக்கும் நினைவிருக்காது.

இரண்டாவது, விளக்குகளின் வரைபடம். எந்த விளக்கு எந்தக் கம்பத்தில் தொங்குகிறது, மேடையின் எந்தப் பகுதியை நோக்குகிறது, அதன் எண் என்ன என்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு விளக்கின் கையேடு, அல்லது அதன் சேனல் பட்டியலை, அதாவது எந்தக் கட்டளை எண் ஒளிக்கு, எது நிறத்துக்கு என்பதைக் காட்டும் பக்கத்தின் படம். வாடகைக்கு எடுக்கும்போதே கடைக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நின்றுகொண்டு தேடினால், நம் மலைகளில் சிக்னல் கிடைப்பது அந்த நாளின் பனிமூட்டத்தைப் பொறுத்தது.

கொன்சோல் நாடகத்துக்கு முதல் நாள்தான் கிடைக்கும் என்றால், கியூஎல்சி பிளஸ், மேஜிக்கியூ போன்ற மென்பொருள்களைக் கணினியில் இலவசமாக நிறுவி வீட்டிலேயே பழகலாம். பொத்தான்களின் பெயர் கொன்சோலுக்குக் கொன்சோல் மாறும். பேட்ச் (விளக்கைக் கொன்சோலின் எண்ணோடு இணைத்தல்), பதிவு, நேரம் என்ற வரிசை மாறாது.

2. மின்சாரக் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இலங்கையில் மின்னழுத்தம் 230 வோல்ட். 1000 வொட் ஹலோஜன் பார் (PAR) விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.35 அம்பியர் இழுக்கும். இரண்டு சேர்ந்தால் 8.7, மூன்றாவதையும் சேர்த்தால் 13 அம்பியரைக் கடந்துவிடும். ஆகவே 13 அம்பியர் பிளக் பொயின்ட் ஒன்றில் ஆயிரம் வொட் விளக்கு இரண்டுக்கு மேல் வைக்கக்கூடாது.

ஹலோஜன்களுக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைக்கும் டிம்மர் பெட்டியைப் பார்க்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: ஒரு சேனல், அதாவது ஒரு வெளியீடு, தாங்கும் அளவு, முழுப் பெட்டியும் தாங்கும் அளவு. நான்கு சேனல் பெட்டியில் சேனலுக்கு 5 அம்பியர் என்று எழுதியிருந்தால் நான்கிலும் சேர்த்து 20 அம்பியர் எடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டியின் வயர் போய்ச் செருகப்படுவது 13 அம்பியர் பிளக்கில்தான். கணக்கைப் பிளக்கிலிருந்து தொடங்குங்கள்.

நாற்காலிகள் அடுக்கப்பட்டிருக்கும் மூலையில் இருக்கும் பழைய வட்டக்கால் பொயின்ட்டுகளை நம்பிப் பெரிய சுமையைக் கொடுக்கவேண்டாம். மண்டபத்தின் பிரதான பலகையிலிருந்து தனி இணைப்பு வேண்டுமென்றால் அதை மின்னியலாளர்தான் எடுத்துத் தரவேண்டும். டிரிப் சுவிட்ச் விழுந்தால், ஏன் விழுந்தது என்று தெரியாமல் மறுபடி மேலே தள்ளக்கூடாது. ஈரமான புல்வெளி வழியாக இழுத்த நீட்டு வயரும், மூடி இல்லாமல் தரையில் கிடக்கும் பலகையும் மழைக்காலத்தில் அதற்கு வழக்கமான காரணங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் முதலில் அதைச் சுமையோடு சோதித்துப் பாருங்கள். ஹலோஜன் டிம்மர் மின் அலையின் ஒரு பகுதியை வெட்டி ஒளியைக் குறைக்கிறது. அலை நிலையாக இல்லாவிட்டால் எங்கே வெட்டுவது என்று அது தடுமாறும். சிறிய ஜெனரேட்டரில் அரை ஒளியில் விளக்குகள் நடுங்குவதற்குக் கொன்சோலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

3. டிம்மரில் செருகவேண்டியதும் செருகக்கூடாததும்

ஹலோஜன் விளக்குக்குத் தன்னளவில் மங்கத் தெரியாது. அதற்குச் செல்லும் மின்சாரத்தை டிம்மர் பெட்டி குறைக்கிறது. எல்.ஈ.டி. விளக்குக்குள் மங்கச்செய்யும் சுற்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு முழு மின்சாரம் நேரடியாகக் கிடைக்கவேண்டும், கட்டளை மட்டும் டி.எம்.எக்ஸ். வயர் வழியாக வரவேண்டும். எல்.ஈ.டி. விளக்கை டிம்மர் பெட்டியில் செருகினால் அது மினுக்கும், பிறகு உள்ளே எரிந்துபோகவும் கூடும். புகை இயந்திரத்துக்கும் விசிறிக்கும் இதே விதிதான். பெட்டி ஒன்றாகவும் பிளக் ஒரே வடிவமாகவும் இருப்பதால் இந்தத் தவறு அவசரத்தில் எளிதாக நடந்துவிடுகிறது. டிம்மர் வெளியீடுகளின் மேல் சிவப்பு நாடா ஒட்டிவிடுவது என் வழக்கம்.

புகை இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல்: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மாலையானால் கதவைத் திறந்தாலே மூடுபனி மண்டபத்துக்குள் வந்துவிடும். ஒளிக்கற்றைகள் தாமாகத் தெரியும். ஆனால் அதே மூடுபனி பின்வரிசைக்குப் போகும் ஒளியைச் சிதறடித்து முகங்களை வெளிறச் செய்யும். ஆகவே ஒளியளவுகளை வைக்கும்போது கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. முகவரியும் வயர் வரிசையும்

டி.எம்.எக்ஸ். வயர் ஒன்றில் 512 சேனல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு இருக்கும். விளக்கின் பின்புறத்தில் நீங்கள் வைக்கும் தொடக்க முகவரி, இந்த 512இல் எந்த இடத்திலிருந்து தன் கட்டளைகளை வாசிக்கவேண்டும் என்பதை அதற்குச் சொல்கிறது. ஏழு சேனல் நிலையில் இருக்கும் விளக்குக்கு முகவரி 1 கொடுத்தால் அது 1 முதல் 7 வரை எடுத்துக்கொள்ளும். அடுத்தது 8இல் தொடங்கவேண்டும். இரண்டாவதற்கு 5 கொடுத்துவிட்டால், முதல் விளக்கின் மினுக்கு வேகத்தை நகர்த்தும்போது இரண்டாவது விளக்கின் ஒளி மாறும். "பேய் பிடித்திருக்கிறது சேர்" என்று மாணவர்கள் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

முகவரி வைப்பதற்கு முன் விளக்கு எத்தனை சேனல் நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஒரே விளக்கு 3, 4, 7 சேனல் என்று பல நிலைகளில் இயங்கலாம். டிம்மிங்குக்குத் தனியான பிரதான ஒளிச் சேனல் உள்ள நிலையைத் தெரிவுசெய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் உள்ள மூன்று சேனல் நிலையில் ஒளியைக் குறைக்க மூன்றையும் ஒரே விகிதத்தில் இறக்கவேண்டியிருக்கும். கீழே வரவர ஒரு நிறம் முன்னதாக அணைந்து, இளமஞ்சளாக இருந்த முகம் கடைசி நொடியில் சிவந்துபோகும்.

வயரை விளக்கிலிருந்து விளக்குக்குச் சங்கிலிபோலக் கொண்டுபோங்கள். நடுவில் இரண்டாகப் பிரித்து முடிச்சுப்போடக் கூடாது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கான ஸ்பிலிட்டர் பெட்டி இருக்கிறது. சங்கிலியின் கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடை கொண்ட டெர்மினேட்டரைச் செருகுங்கள். அது இல்லாவிட்டால் சமிக்ஞை வயரின் முனையில் பட்டுத் திரும்பிவந்து கட்டளையைக் குழப்பும். குறுகிய வயரில் இது தெரியாமல் போகலாம். மேடையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சுற்றிவரும் நீளத்தில் தெரிந்துவிடும். ஒலிவாங்கி வயரும் மூன்று கால் டி.எம்.எக்ஸ். வயரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேறானவை. ஒலிக்காரரிடம் ஒன்றைக் கடன்வாங்கி இடையில் செருகினால் ஒத்திகையில் எல்லாம் சரியாக ஓடி, நிகழ்ச்சியில் மினுக்கத் தொடங்கும்.

5. பேட்ச் செய்தலும் ஒவ்வொன்றாகச் சோதித்தலும்

பேட்ச் என்பது கொன்சோலில் நீங்கள் அழைக்கும் எண்ணையும் விளக்கின் முகவரியையும் இணைப்பது. எண்களை மேடையின் ஒழுங்கில் கொடுங்கள்: பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்க்க இடமிருந்து வலமாக முன்விளக்குகள் 1 முதல், பின்விளக்குகள் 11 முதல், தரை விளக்குகள் 21 முதல். முகவரி எதுவாக இருந்தாலும் இருட்டில் கையால் தேடும்போது இந்த ஒழுங்குதான் உதவும்.

பிறகு ஒவ்வொரு விளக்கையும் தனியாக ஏற்றிப் பாருங்கள். ஒளி வரவில்லை என்றால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்: எல்லா விளக்குகளையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் கிராண்ட் மாஸ்டர் ஃபேடர் கீழே இருக்கிறதா, எல்லாவற்றையும் இருட்டாக்கும் பிளாக்அவுட் பொத்தான் எரிகிறதா, விளக்கின் பிரதான ஒளிச் சேனல் பூச்சியத்தில் இருக்க நிறங்கள் மட்டும் ஏற்றப்பட்டிருக்கின்றனவா, விளக்கு தன்னிச்சை நிலையில் அல்லது ஒலிக்கு ஆடும் நிலையில் இருக்கிறதா, முகவரி சரியா, கடைசியாகத்தான் வயர். புதியவர்கள் வயரிலிருந்து தொடங்கி ஏணியில் ஏறுகிறார்கள். பல தடவை கிராண்ட் மாஸ்டரே கீழே இருந்திருக்கிறது.

விளக்கு ஒரே அளவில் எரிந்தபடி மங்க மறுத்தால், மினுக்குச் சேனலிலோ முன்கூட்டியே அமைத்த நிறங்களுக்கான சேனலிலோ ஒரு மதிப்பு ஏறிக்கிடக்கலாம். அவை பூச்சியத்துக்கு வரும்வரை, பிரதான ஒளிச் சேனலைச் சில விளக்குகள் கவனிக்காது.

6. ஒளியளவை வைத்தல்

பதிவுக்கு முன், நாடகத்தில் அணியப்போகும் உடையோடு ஒருவரை மேடையில் நிறுத்துங்கள். வெறும் பலகையைப் பார்த்து வைத்த அளவு நடிகர் வந்ததும் பொய்த்துவிடும். நம் பாடசாலைகளில் கூட்டுப்பாடலுக்கு வெள்ளைச் சீருடையோடு முப்பது பேர் நிற்பார்கள்; 100 சதவீதத்தில் துணிதான் தெரியும், முகங்கள் தெரியமாட்டா. 60இலிருந்து தொடங்கி ஏற்றுவது நல்லது.

நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஃபேடரை 50க்கு இறக்கினால் பாதியாகக் குறைந்ததாகத் தெரியாது. கீழ்ப்பகுதியில் சிறிய அசைவும் பெரிதாகத் தெரியும். இதைச் சீராக்கத்தான் கொன்சோலிலும் டிம்மரிலும் வளைவுத் தெரிவுகள், அதாவது ஃபேடரின் அசைவு எப்படி ஒளியாக மாறவேண்டும் என்ற தெரிவுகள், இருக்கின்றன. நேர்கோட்டு வளைவில் விளக்கு கடைசியில் விழுந்துவிடுவதுபோலத் தோன்றினால் வர்க்க வளைவுக்கு மாற்றிப்பாருங்கள். ஆனால் அளவுகளைப் பதிந்த பிறகு வளைவை மாற்றக்கூடாது; எல்லாக் காட்சிகளும் ஒரேயடியாக மாறிவிடும்.

ஹலோஜன் மங்கும்போது மஞ்சளாகி, 20 சதவீதத்துக்குக் கீழே ஏறக்குறையச் செம்மஞ்சளாகிவிடும். எல்.ஈ.டி. எந்த அளவிலும் அதே நிறத்தில் நிற்கும். இரண்டையும் ஒரே முகத்தில் பாய்ச்சி ஒன்றாக இறக்கினால் பாதி வழியில் முகத்தின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். அளவு குறையக்குறைய எல்.ஈ.டி.யில் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போங்கள், அல்லது முகத்துக்கு ஒரே வகையை மட்டும் வையுங்கள். எனக்கு இரண்டாவதே பிடித்தம், நேரமும் மிஞ்சும்.

எந்த நேரத்தில் அளவுகளை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தமிழ்மொழித் தினப் போட்டி ஒன்றுக்காக முதல் நாள் இரவு பதினொரு மணிவரை இருந்து பதினேழு கியூக்களைப் பதிந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் நாடகம். மண்டபத்தின் இரண்டு பக்கமும் திரையில்லாத யன்னல்கள். நான் 15இலும் 25இலும் வைத்திருந்த நள்ளிரவுக் காட்சி வெயிலில் கரைந்தே போயிற்று. பகலில் நடக்கும் நிகழ்ச்சிக்குப் பகலில் அளவு வையுங்கள். முடியாவிட்டால் கறுப்புத் துணிக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.

7. பதிவுசெய்தல்

வரிசை இதுதான்: முந்தைய பதிவுகளிலிருந்து கொன்சோலைத் துடைத்து வெறுமையாக்குதல், காட்சிக்கு வேண்டிய அளவுகளை வைத்தல், பதிவுப் பொத்தானை அழுத்திக் கியூ எண்ணைக் கொடுத்தல், நேரம் கொடுத்தல், பெயர் கொடுத்தல், மீண்டும் துடைத்துவிட்டு அந்தக் கியூவை இயக்கிப் பார்த்தல். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறவர்கள் கையால் ஏற்றிய அளவையே பதிவு என்று நம்பிவிடுகிறார்கள். கையால் ஏற்றிய அளவு கொன்சோலில் பிடிபட்டிருக்கும்வரை, கியூ அதை மீறாது. மேடையில் தெரிவது பதிவா, உங்கள் கையா என்பது துடைத்த பின்னர்தான் தெரியும்.

ஒளியளவுக்கு இரண்டு இடங்களிலிருந்து கட்டளை வந்தால் பெரும்பாலான கொன்சோல்களில் உயர்ந்ததே வெல்லும். நிறத்துக்கும் அசைவுக்கும் கடைசியாக வந்ததே வெல்லும். விளக்குக் குழு ஒன்றைச் சேர்த்து ஏற்றும் ஃபேடரான சப்மாஸ்டர் ஒன்று 30இல் மறந்துகிடந்தால் கியூ அந்த விளக்கை 10க்கு இறக்காது. "இருள் முழுதாக வரவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு முதலில் சப்மாஸ்டர்களைப் பார்ப்பது இதனால்தான்.

கியூ எண்களை 10, 20, 30 என்று கொடுப்பது என் வழக்கம். பல கொன்சோல்கள் 5.5 போன்ற இடை எண்ணையும் ஏற்கும்; இருந்தாலும் இருளில் கூப்பிடும்போது முழு எண்கள்தான் வாயில் தெளிவாக வரும்.

8. நேரம்

இந்தப் பகுதியில் பொறுமையாக இருக்கவேண்டும்.

கியூ ஒன்றுக்கு இரண்டு நேரங்கள் உண்டு: புதிதாக ஏறும் ஒளிக்கு ஒன்று, பழையது இறங்குவதற்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் காட்சி மாறும்போது நடுவில் மேடை சற்றுக் குழிந்து இருண்டதுபோல இருக்கும். ஏறுவதற்கு 3 நொடி, இறங்குவதற்கு 5 நொடி என்று வைத்தால் அந்தக் குழி மறைந்துவிடும். புதியது பழையதன்மேல் வந்து அமர்ந்த பிறகே பழையது முழுதாக விலகுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டில், விடியற்காலை என்று வைத்துக்கொள்வோம். குப்பி லாம்பு ஒன்று எரிகிறது. தாய் அடுப்பை மூட்டுகிறாள். தூரத்தில் தொழிலாளர் காலையில் கூடும் பேரட்டுக்குத் தப்பு மேளம் ஒலிக்கிறது. மெல்ல வெளிச்சம் வருகிறது. புதியவர் இதற்கு ஒரே கியூ எழுதுவார்: நீல எல்.ஈ.டி. பூச்சியத்திலிருந்து 20 சதவீதத்துக்கு 40 நொடியில் என்று. இயக்கிப் பார்த்தால் ஒளி படிப்படியாகத் துள்ளித் துள்ளி ஏறும். காரணம் கணக்கில் இருக்கிறது. 255இல் 20 சதவீதம் 51. ஐம்பத்தொரு படிகளை 40 நொடியில் ஏறினால் ஒரு படிக்கு முக்கால் நொடிக்கும் சற்று அதிகம். கண் ஒவ்வொரு படியையும் பிடித்துவிடும். ஹலோஜனில் இழை சூடாகவும் ஆறவும் எடுக்கும் நேரம் படிகளை மழுப்பிவிடுவதால் அது தெரிவதில்லை.

ஆகவே இந்த விடியலை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் குப்பி லாம்பின் பக்கத்தில் ஒரு ஹலோஜன் 8 சதவீதத்தில் எரிந்துகொண்டிருக்கட்டும். தப்பு ஒலிக்கத் தொடங்கியதும் பின்புற ஹலோஜன் 0இலிருந்து 18க்கு 25 நொடியில் ஏறட்டும். அது பாதி வந்ததும், அதாவது 12 நொடி தாமதத்தோடு, எல்.ஈ.டி. நீலம் 10 நொடியில் 20க்கு வரட்டும். ஏற்கெனவே மேடையில் ஒளி இருப்பதால் அதன் முதற்படிகள் தெரியமாட்டா. தாய் கூடையை எடுக்கும்போது தனிக் கியூவாக முன்விளக்கு 45க்கு 8 நொடியில். விளக்கில் பதினாறு பிட் டிம்மிங் நிலையோ மென்மையாக்கும் டிம்மர் வேகத் தெரிவோ இருந்தால் அதையும் போடுங்கள். பதினாறு பிட்டில் 65,536 படிகள் இருப்பதால் துள்ளல் போய்விடும், ஆனால் ஒரு விளக்குக்கு ஒரு சேனல் கூடும். 4ஆம் படியின் முகவரிகளை மறுபடி பார்க்கவேண்டும்.

வெட்டென்ற மாற்றத்துக்கு வேறு கணக்கு. காமன் கூத்தை மேடைக்கேற்றி ஆடும்போது சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும் இடம் வரும். அங்கே செம்மஞ்சள் ஒளி 0 நொடியில் முழுதாக வரவேண்டும். எல்.ஈ.டி.க்கு 0 என்றால் 0தான். ஹலோஜன் குளிர்ந்திருந்தால் சற்றுச் சோம்பித்தான் வரும். அதனால் முந்தைய கியூவிலேயே அந்த ஹலோஜனை 5 சதவீதத்தில் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். பார்வையாளருக்கு அது தெரியாது. குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவாதலால் திடீரென்று முழு மின்சாரம் கொடுக்கும்போது பெரிய அளவில் மின்னோட்டம் பாயும். மலைக்குளிரில் மின்குமிழ்கள் பறிபோவதும் டிரிப் விழுவதும் இந்தத் தருணத்தில்தான். அதன் பிறகு ரதி தனியாக நிற்கும்போது எல்லாம் இறங்கவேண்டும். அந்த இறக்கத்துக்கு 3 நொடி கொடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். ஒப்பாரி தொடங்குமுன் மேடை அடங்கிவிட்டது. நடிகை பாடும் ஒப்பாரியின் முதல் அடி முடிய எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் அளந்து அதையே நேரமாகக் கொடுங்கள்.

நேரத்தை மேசையில் கற்பனையாகக் குறிப்பவர்கள் எப்போதும் குறைவாகவே குறிக்கிறார்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது 10 நொடி மிக நீளமாகத் தோன்றும். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மூச்சுவிடும் நேரம்.

9. சிறிய 192 சேனல் கொன்சோலில்

நம் பகுதிகளில் வாடகைக்கு எளிதாகக் கிடைப்பது இதுதான். பன்னிரண்டு விளக்குப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல்கள், எட்டு ஃபேடர்கள், காட்சிகளைச் சேமிக்கும் தொகுதிகளான 30 வங்கிகள், வங்கிக்கு 8 காட்சிகள். முகவரிகள் 16 இடைவெளியில் நிலையாக இருக்கின்றன: 1, 17, 33, 49, 65, 81 என்று 177 வரை. விளக்கு ஏழு சேனலாக இருந்தாலும் இந்த இடைவெளியைத்தான் கடைப்பிடிக்கவேண்டும். 8 என்று வைத்தால் இரண்டாம் பொத்தானுக்கு அது கட்டுப்படாது.

பதிவுக்குப் புரோகிராம் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்து, விளக்கைத் தெரிவுசெய்து, ஃபேடர்களை வைத்து, ரெக் பொத்தானையும் பிறகு காட்சிப் பொத்தானையும் அழுத்தவேண்டும். எட்டுக்கு மேற்பட்ட சேனல்களுக்குப் பக்கம் மாற்றும் பொத்தான் இருக்கிறது. இங்கே வழக்கமான தவறு ஒன்றுண்டு: முதல் விளக்கின் பொத்தானை அணைக்காமல் இரண்டாவதை அழுத்துவது. இரண்டும் எரிந்துகொண்டிருக்க, ஃபேடர் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடும்.

ஃபேட் நேர ஃபேடர் எல்லா மாதிரிகளிலும் கையால் காட்சி மாற்றும்போது வேலைசெய்யும் என்று நம்பவேண்டாம். சிலவற்றில் காட்சிகள் தானாக ஓடும்போது மட்டுமே அது செல்லுபடியாகும். இரண்டு காட்சிகளைப் பதிந்து சோதித்துப் பாருங்கள். வேலைசெய்யாவிட்டால் மெதுவான இறக்கங்களைப் பிரதான ஒளிச் சேனலின் ஃபேடரைக் கையால் பிடித்துத்தான் செய்யவேண்டும். அப்படியானால் நாடகம் முழுவதற்கும் அந்த வகை மாற்றங்களை ஐந்தாறாகக் குறைத்துக்கொள்ளும்படி இயக்குநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வங்கியிலும் ஆறு காட்சிகளை மட்டும் பதிந்து இரண்டை வெறுமையாக விட்டால் பின்னால் வரும் திருத்தங்களுக்கு இடமிருக்கும்.

10. ஒத்திகையில் திருத்துதல்

ஒத்திகையில் ஒரு விளக்கின் அளவை மாற்றிவிட்டு மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தக்கூடாது. புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். பதிவு அந்த நேரத்தில் மேடையில் உள்ள அனைத்தையும், சோதனைக்காக ஏற்றிய வேலை விளக்கையும் சேர்த்து, கியூவுக்குள் போட்டுவிடும். புதுப்பித்தல் நீங்கள் தொட்டதை மட்டும் மாற்றும்.

உங்கள் கொன்சோல் தொடர்ச்சி முறையில் இருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த முறையில் கியூ 20இல் 40 சதவீதம் என்று வைத்த விளக்கு, அடுத்து யாராவது மாற்றும்வரை கியூ 30, 40, 50 எல்லாவற்றிலும் 40 சதவீதமாகவே ஓடும். கியூ 20இல் அதை 60 சதவீதமாக மாற்றினால் பின்வருபவையும் மாறும். இது வசதியானது, ஆனால் அறியாதவருக்கு அச்சமூட்டும். இருட்டடிப்புக் கியூக்களில் எல்லா விளக்குகளுக்கும் பூச்சியத்தை வெளிப்படையாகப் பதிந்து, தொடர்ச்சியை அங்கே நிறுத்திவிடுங்கள்.

ஒத்திகையைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்க்கும்போது எல்.ஈ.டி. ஒளியில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், விளக்கு மிகவேகமாக அணைந்து எரிந்து மங்குவதைத்தான் கெமரா பிடிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. நிகழ்ச்சி ஒளிப்பதிவு செய்யப்படுமானால், விளக்கின் மெனுவில் அதிர்வெண்ணைக் கூட்டும் தெரிவு இருந்தால் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மிகக் குறைந்த அளவுகளைச் சற்று உயர்த்துங்கள்.

11. நிகழ்ச்சி நேரம்

பதிவை யூ.எஸ்.பி.யில் இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, கொன்சோலை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள்; மின்வெட்டு வந்து மீளும்போது அது எந்த நிலையில் எழும்புகிறது என்பது அப்போது தெரியும். சில கொன்சோல்கள் பிளாக்அவுட் நிலையில் எழும்பும்.

கியூ அழைப்பதும் இயக்குவதும் இரண்டு பேரின் வேலை. அழைப்பவர் பிரதியைப் பார்ப்பார்; இயக்குபவர் மேடையைப் பார்ப்பார். "தம்பி, எழுபது தயார்." "தயார் அண்ணா." "எழுபது, போ." "போ" என்ற சொல்லை வேறெந்தப் பேச்சிலும் பயன்படுத்தக்கூடாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் "அந்தப் பக்கம் போ" என்று சொன்னதற்காக ஒரு காட்சி முன்னதாகவே இருண்டிருக்கிறது.

கியூ ஒன்றைத் தவறவிட்டால் பின்னோக்கிப் போகவேண்டாம். கிராண்ட் மாஸ்டரில் கைவைத்தபடி அடுத்த கியூவுக்கான வசனம் வரும்வரை இருப்பதை அப்படியே வைத்திருங்கள். நடிகர்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

முடிந்ததும் ஹலோஜன்களை மெதுவாகப் பூச்சியத்துக்கு இறக்கி, டிம்மரை அணைத்து, கழற்றுவதற்கு முன் அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான இழை சிறிய ஆட்டத்துக்கும் அறுந்துபோகும். கதவைத் திறந்து ஈரக் காற்றுக்குள் லொறிவரை தூக்கிக்கொண்டு போனால் கண்ணாடியும் வெடிக்கலாம். எல்.ஈ.டி. விளக்குகளைப் பொறுத்தவரை ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: இரவு முழுவதும் லொறியில் குளிர்ந்து கிடந்தவற்றை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தவுடன் மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே பனித்த நீர் உலரும்வரை அவற்றைக் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து வைத்திருந்து, பிறகு செருகுங்கள்.